சீர் மேசைக்கு முந்திரி எண்ணெய்

எங்கள் ஊரில் சொந்தமாக மேசை வைத்திருந்த முதல் பெண்பிள்ளை நான்தான். இதைச் சொல்லும்போது இந்த வயதிலும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. கணக்குப்பிள்ளை வீட்டில் ஒரு மேசை இருந்தது. அதில் அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒன்று இருந்தது. வாத்தியார் கை ஊன்றினால் ஒரு பக்கமாகச் சாயும், நாங்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்வோம். மற்றபடி ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, தரையில் சாப்பிட்டு, தரையில் எழுதி, தரையிலேயே படுத்து எழுந்தவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு இழுப்பறை வைத்த பலாமர மேசை வந்து இறங்கியது என்றால் சும்மாவா?

கொடுத்தவர் என் தாய்மாமா, அதாவது அம்மாவின் தம்பி. கீரமங்கலம் பக்கம் தோட்டம் வைத்திருந்தார். ஒரு ஐப்பசிக் காற்றில் அவர் தோட்டத்துப் பலாமரம் வேரோடு சாய்ந்தது. வேறு யாராவது இருந்தால் கதவுக்கும் நிலைக்கும் அறுத்திருப்பார்கள். மாமா, "என் மருமக படிக்கிற புள்ளை, அதுக்கு ஒரு மேசை போடுவோம்" என்று ஆசாரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். அதை மாமாவிடம் நான்தான் சொன்னேன், ஒரு தடவை அல்ல, அவரைப் பார்த்தபோதெல்லாம் சொன்னேன்.

மாமா நல்ல மனிதர். ஆனால் எதையும் சத்தமில்லாமல் செய்யத் தெரியாதவர். மேசையை ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்தினார். மாட்டுக் கொம்புக்குப் பூச்சுற்றினார். மேசைமேல் ஒரு தாம்பாளத்தை வைத்து, அதில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் எல்லாம் அடுக்கினார். அம்மா ஆரத்தி எடுத்து வந்தால்தான் வண்டி நகரும் என்று சொல்லி அனுப்பினார். தெருவே திரண்டுவிட்டது. நான் வண்டியின் முன்னால் நடந்தேன். திருவிழாவில் சாமிக்கு முன்னால்கூட யாரும் அவ்வளவு மிடுக்காக நடந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தாம்பாளம்தான் வினையாகிப் போனது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தட்டோடு கொண்டுவந்தால் அதற்குப் பெயர் சீர். சீர் என்றால் பெண்ணுக்கு உரியது. பெண் எந்த வீட்டுக்கு வாழப்போகிறாளோ அந்த வீட்டுக்கு அதுவும் போகும். மாமா ஆசைக்காகத் தட்டு வைத்தார். ஊர் அதைக் கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டது. மேசை வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே ஒரு கிழவி, "சீரு வந்துருச்சு, மாப்பிள்ளை எங்கிட்டு இருந்து வாராரு?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா சிரிக்காததற்குக் காரணம் கீரனூரில் இருந்தது. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு ஒரே மகன். எனக்கு முறைமாப்பிள்ளை. கீரனூரிலிருந்து எங்கள் ஊருக்கு வர வேண்டுமென்றால் புதுக்கோட்டையில் பஸ் மாறி, ஆலங்குடியில் பஸ் மாறி, கொஞ்சம் நடக்கவும் வேண்டும். செய்தி மட்டும் எங்கும் மாறாமல் நேராகப் போய்ச் சேர்ந்துவிடும். மேசைச் செய்தி அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

அத்தையிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. என்மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் பிறந்த வீட்டில் எது பளபளப்பாக இருந்தாலும் அது தன்னோடு கீரனூருக்கு வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எங்கள் வீட்டு ஊஞ்சல் அப்படித்தான் போயிற்று. பித்தளை அண்டா போயிற்று. அம்மா கல்யாணத்தின்போது கொண்டுவந்த நிலைக்கண்ணாடிகூடப் போயிற்று. ஒளித்து மறைத்து எடுத்துப் போகிறவள் அல்ல அவள். நடுவீட்டில் நின்று, "தம்பி, இது அங்க இருந்தாத்தான் அழகா இருக்கும்" என்பாள். அப்பாவும் உடனே வண்டி கட்டுவார். அக்காவுக்கு முன்னால் அப்பாவுக்கு வாய் திறக்காது. சின்ன வயதில் தாய் போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

பங்குனி முடியப் போகும் நேரத்தில் ஆலங்குடிச் சந்தைக்கு வந்த ஒருவர் மூலம் அத்தை சொல்லி அனுப்பினாள். மேசைக்கு நல்லா பாலிசு போட்டு வையுங்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் வருகிறேன். வந்து மேசையையும் பார்த்துவிட்டு, மேசைக்காரிக்கும் பூ வைத்து உறுதி பண்ணிவிட்டுப் போகிறேன் என்று.

பூ வைத்து உறுதி பண்ணிவிட்டால் அதற்குப் பிறகு பெண் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். கல்யாணம் எத்தனை வருஷம் கழித்து நடந்தாலும் சரி. பூ வைத்த பெண் பஸ் ஏறி ஆலங்குடிப் பள்ளிக்கூடத்துக்குப் போவது எங்கள் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். புதுக்கோட்டை ராஜா ஆட்சி போய்ச் சர்க்கார் ஆட்சி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ஐந்தாவது முடித்த பெண்ணே அங்கே பெரிய படிப்பாளி. என்னை ஆறாவதில் சேர்க்கலாமா வேண்டாமா என்று அப்பா அதுவரை இரண்டு மனதாக இருந்தார். எங்கள் வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவும் "பாப்போம்" என்றிருந்தார். அப்பாவின் வாயிலிருந்து "பாப்போம்" வருவதே பாதிச் சம்மதம். அத்தையின் செய்தி வந்த அன்றோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

எனக்கு இதில் ஒன்றுமே உறைக்கவில்லை. பூ வைப்பார்கள், அத்தை பட்டுப்பாவாடை கொண்டுவருவாள், மேசை பளபளவென்று இருக்கும், ஆனி மாதம் நான் ஆறாவதுக்குப் போவேன் என்று நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தேன். என் கவலையெல்லாம் மேசைக்கு என்ன பூசுவது என்பதுதான்.

மேசை வந்தபோது எதுவும் பூசாத வெறும் மரமாகத்தான் வந்தது. "கொஞ்ச நாள் ஒங்க வீட்டுக் காத்தைக் குடிக்கட்டும், அப்புறமா எதை வேணும்னாலும் பூசிக்கங்க" என்று ஆசாரி சொல்லி அனுப்பியிருந்தார். புதிதாக இழைத்த பலாமரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பெண்ணைப் போல இருக்கும். அந்த மஞ்சளைக் கெடுக்காமல், வெயிலும் தண்ணீரும் கரையானும் அண்டாமல் எதைப் பூசுவது என்று அப்பா உழவு மாடு வாங்குகிறவர் போல ஊர் ஊராக விசாரிக்க ஆரம்பித்தார். ஆலங்குடித் தாலுகாக் கச்சேரிக்கு வேறு ஏதோ வேலையாகப் போனவர், அங்கே இருந்த மேசையைக் குனிந்து குனிந்து பார்த்து, அதில் தன் முகம் தெரிந்ததாக வந்து சொன்னார். சேவகன் வந்து, "என்னங்க தேடுறீங்க?" என்று கேட்டானாம்.

சாயங்காலம் ஆனால் எங்கள் வாசலில் இதே பேச்சு. ரங்கூன் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுச் சித்தப்பா பச்சைப் பெயிண்டுதான் அடிக்க வேண்டும் என்றார். கப்பலில் எல்லாம் பெயிண்டுதானாம், உப்புத் தண்ணிக்கே அசையாதாம். "இது என்னய்யா, கடல்லயா மெதக்கப் போகுது?" என்று அப்பா கேட்டதும் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ஒருவர் நல்லெண்ணெய் தேய்த்தால் போதும் என்றார். எறும்பு வரும், எலி வரும் என்று அதுவும் தள்ளுபடி ஆனது. வேப்பெண்ணெய் என்று சொன்னவரிடம் நானே நேராகச் சொன்னேன், அந்த நாற்றத்தில் என்னால் உட்கார்ந்து படிக்க முடியாது என்று. பெரியவர்கள் பேசும் இடத்தில் புகுந்து பேசியதற்காக ஒரு குட்டு கிடைத்தது. ஆனால் வேப்பெண்ணெயும் அத்தோடு போயிற்று. அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பாலிஷ் இருக்கிறது, செட்டிநாட்டு வீடுகளில் எல்லாம் அதுதான் என்றார் ஒருவர். அதைப் பூச ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும், மேலே தண்ணீர் பட்டால் வெளுத்துப் போகும் என்று இன்னொருவர் சொன்னார். இத்தனை யோசனைக்கும் அம்மா உள்ளே புளி உரித்துக்கொண்டே காதைக் கொடுத்திருந்தாள்.

கடைசியில் வார்னிஷ் என்று முடிவானது. அப்பா புதுக்கோட்டைக்குப் போய்க் கீழ ராஜவீதியில் ஒரு டப்பா வாங்கிவந்தார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். மேசை செய்ததில் மிஞ்சிய ஒரு துண்டுப் பலகையில் கொஞ்சம் பூசிக் காட்டினார். அடடா! அந்த மஞ்சளுக்குள் விளக்கு வைத்தது போல் ஆயிற்று. நான் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகக் காட்டிவிட்டு வந்தேன். உப்புத்தாள் வைத்து மேசையைத் தேய்க்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நானே செய்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்து, எங்காவது சொரசொரப்பு இருந்தால் மறுபடியும் தேய்த்தேன்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, இது கரையானுக்குத் தாங்குமாங்க?"

"கடைக்காரர் தாங்கும்னுதான் சொன்னாரு."

"அவரு புதுக்கோட்டையில இருக்காரு. கரையான் இங்கதானே இருக்கு" என்றாள் அம்மா. அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் கரையானுக்கு அப்படி ஒரு வாழ்வு. ஒரு நாள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்து மறந்துவிட்டால் பிறகு எடுக்கும்போது பாதிப் பாய்தான் கையில் வரும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் கூரைக் கைமரத்துக்கும் கதவின் அடிப்பக்கத்துக்கும் வண்டியின் பார்மரத்துக்கும் முந்திரி எண்ணெய் பூசுவார்கள். முந்திரிக்கொட்டையை வறுக்கும்போது ஓட்டிலிருந்து வடியும் கன்னங்கரேல் என்ற எண்ணெய் அது. பூசிய மரத்தின் பக்கம் கரையான் தலைவைத்தும் படுக்காது. ஆனால் அது காய்வதற்குள் மனிதரும் பக்கத்தில் போக முடியாது. தோலில் பட்டால் பொத்துப்போகும். நாற்றம் மூக்கை அறுக்கும். அடுப்பங்கரைப் பரணுக்கும் மாட்டுக்கொட்டகைக் காலுக்கும் பூசுகிற சங்கதி. வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அதைப் பூசுவதென்பது யாருக்கும் பேச்சுக்குக்கூடத் தோன்றவில்லை. வாசலில் அத்தனை யோசனை சொன்னார்களே, ஒருவராவது இந்தப் பெயரை எடுக்கவில்லை.

அது சித்திரை மாதம். முந்திரிக் காலம். ஊரைச் சுற்றிலும் கொட்டை வறுக்கிற புகை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவது பற்றிப் பேச அப்பா கோயிலடிக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில் வார்னிஷ் பூசுவதாக ஏற்பாடு. நான் என் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன், தேய்த்து முடித்த மேசையைக் காட்டுவதற்காக. "தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் மேசை வெயிலில் நின்றது. கறுப்பாக நின்றது. மேல்பலகை, கால், சட்டம், இழுப்பறையின் உள்பக்கம் எல்லாம் கறுப்பு. ஒரு விரற்கடை மஞ்சள் மிச்சம் இல்லை. பக்கத்தில் ஒரு பழைய சட்டி நிறைய முந்திரி எண்ணெய், அதை இளக்கக் கொஞ்சம் சீமெண்ணெய், கந்தல் துணி. அம்மா கையில் எண்ணெய் ஊறாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு குனிந்து நான்காவது காலின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

நான் போட்ட கூச்சலில் கோயிலடியில் இருந்த அப்பாவே ஓடிவந்துவிட்டார். வந்தவர் மேசையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் மேசையைப் பார்த்தார். அப்பா கோபக்காரர்தான். ஆனால் அன்று கோபத்துக்கு முன்னால் ஒரு திகைப்பு வந்து குறுக்கே நின்றுகொண்டது.

"என்ன காரியம் பண்ணிப்புட்ட?"

"கரையான் ஏறிருச்சுங்க. நான் பாக்காட்டி மேசையே போயிருக்கும்."

"எங்க கரையான்?"

"கால்லதான் மண்ணு தட்டியிருந்துச்சு."

அப்பா மண்டி போட்டு நான்கு காலையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஒரு கரையானையும் காணோம்.

"இங்க ஒண்ணையும் காணமே!"

"அதான் பூசிட்டேன்ல. ஓடிருச்சு" என்றாள் அம்மா.

அப்பா அப்படியே ஆசாரி வீட்டுக்கு ஓடினார். இழைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். பலாமரம் அதைக் குடித்துவிட்டிருக்கும், கறுப்புப் போகிற வரைக்கும் சீவினால் மேசை இருக்காது, விறகுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார் ஆசாரி. அந்த வார்னிஷ் டப்பா வெகுநாள் பரணில் கிடந்தது. பிறகு ஒரு நாள் அப்பா மனசு ஆறாமல் தன் குடைப்பிடிக்குப் பூசிக்கொண்டார். எங்கள் ஊரிலேயே முகம் பார்க்கக்கூடிய குடைப்பிடி அவருடையதுதான்.

அத்தை சொன்னபடியே இரண்டே நாளில் வந்தாள். நீலப் பட்டுப்பாவாடை, வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ, ஒரு கூடை பலகாரம். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எங்க என் மருமக மேசை?" என்றாள். அப்பா உள்ளே கையைக் காட்டினார். அத்தை உள்ளே போனாள். போன வேகத்தில் நின்றாள்.

பிறகு மெல்லப் போய் ஒரு விரலை நீட்டினாள். "தொடாதீங்க அண்ணி, இன்னும் காயலை. கை பொத்துப்போகும்" என்றாள் அம்மா. அத்தை விரலை எடுத்துக்கொண்டாள்.

"தாய்மாமன் சீருல எவளாச்சும் கறுப்பைப் பூசுவாளா? ஏத்தா, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"கரையான் அரிச்சுப்புடும்னு பயந்துபோயிப் பூசிட்டேன் அண்ணி. எனக்கு என்ன தெரியும்? படிச்சவளா நானு?"

அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். நாத்தனார் முன்னால் மரியாதைக்காக நிற்கிறாள் என்று நான் நினைத்தேன். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். சுப காரியம் பேச வந்த இடத்தில் எதிரே முதலில் கண்ணில் பட்டது கறுப்பு. அதுவும் சீர்ப் பொருளில். எங்கள் பக்கத்தில் சீர்த் தட்டில் ஒரு கறுப்பு நூல் கிடந்தால்கூடப் பதறிப்போய் எடுத்துவிடுவார்கள். அத்தை சகுனம் பார்த்துத்தான் தலைவாசலையே தாண்டுகிறவள். அவள் முகம் கோபத்தில் அல்ல, வருத்தத்தில் சுருங்கிப் போயிருந்தது.

"தம்பி, இப்ப வேணாம்டா. மனசுக்குச் சரியாப் படலை. பூவை ஆத்தாளுக்கே சாத்திப்புடுறேன். பெறகு பாத்துக்குவம்."

அப்படியே கோயிலுக்குப் போய்ப் பூவை அம்மனுக்குச் சாத்திவிட்டாள். பட்டுப்பாவாடையை மட்டும் எனக்கே கொடுத்தாள், கட்டிவிட்டு அழகு பார்த்தாள், கன்னத்தைத் தடவி விரலை நெரித்துத் திருஷ்டி கழித்தாள். "இது அங்க இருந்தாத்தான் அழகா இருக்கும்" என்று அவள் சொல்லாமல் விட்டுப்போன முதல் சாமான் எங்கள் வீட்டில் அதுதான்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா மேசைக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். "இப்ப இந்தக் கட்டையை வச்சு என்னதான் பண்றது?" என்றார். அம்மா, "மேசையை வச்சு என்னங்க பண்ணுவாங்க, எழுதத்தான்" என்றாள். ஆனி மாதம் என்னை ஆலங்குடிப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதில் சேர்த்தார். "பெறகு பாத்துக்குவம்" என்ற அத்தையின் பேச்சு அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் தள்ளிப்போய், கடைசியில் அவள் மகனுக்குத் திருச்சியில் பெண் எடுத்தார்கள். நான்தான் மணவறைக்குப் பக்கத்தில் நின்று சந்தனம் கொடுத்தேன். அப்போது நான் பள்ளி இறுதி வகுப்பு.

அந்தக் கறுப்பு மேசையில்தான் நான் படித்தேன். எண்ணெய் காய்ந்து நாற்றம் போக ஒரு மழைக்காலம் ஆயிற்று. அதுவரை இழுப்பறையைத் திறந்தால் கண் எரியும். மை கொட்டினால் கறை தெரியாது, கரையான் கிட்ட வரவில்லை, யாரும் இரவல் கேட்கவும் இல்லை. ஆசிரியப் பயிற்சிக்கு, பிறகு வேலைக்கு என்று நான் போன ஊருக்கெல்லாம் அது என்கூட வந்தது. எங்கே போனாலும், வீட்டுக்கு வருகிறவர்கள், இதற்கு ஏன் நல்ல பாலிஷாகப் போடக் கூடாது என்று கேட்பார்கள்.

அம்மா செய்தது என்ன என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. வேறு ஒரு வீட்டுக் கல்யாணத்தில் சீர்த்தட்டு வரிசையிலிருந்து ஒரு பெண், கறுப்புக் கரை போட்ட துண்டு ஒன்றை அவசரமாக உருவி ஒளித்ததைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாத்தனாரின் உரிமைக்கு எதிரே அம்மாவால் ஒரு சொல் சொல்ல முடியாது. அப்பாவிடமும் சொல்ல முடியாது. மாமாவிடம் தட்டை எடு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் தம்பியின் முகம் வாடியிருக்கும். யாரிடமும் சண்டை போடாமல், யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணத்தை முன்னால் நிறுத்தி, அது சீராக இல்லாமல் மேசையாகவே இருக்கும்படி அவள் பண்ணிவிட்டாள். என்னைப் பெற்றவளை நினைத்து நான் கர்வப்படுகிறேன். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். அவள் இருந்த காலத்தில் கேட்டேன். "கரையான்தான் ஆத்தா" என்றாள், கடைசிவரை.

ஆனால் அத்தை பஸ் ஏறிப்போன அன்று சாயங்காலம் எனக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. அம்மாவின் கைகள் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சாம்பல் பூசியும் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டிருந்தது. விரலிடுக்கெல்லாம் கொப்புளம், உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, கைகளை மடியில் மலர்த்தி வைத்தபடி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். சோறு பிசைய முடியவில்லை. நான்தான் பிசைந்து ஊட்டினேன்.

ஊட்டும்போது எனக்குக் கோபமும் பாவமும் சேர்ந்து வந்தன. பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளுக்கு நன்றாக எடுத்துச் சொன்னேன். கெட்ட எண்ணெயைப் பூசி மேசையும் போச்சு, கையும் போச்சு, அத்தையும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாமில்லையா, நாலு எழுத்துப் படிச்சிருந்தா இதெல்லாம் ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்மா என்றேன்.

அம்மா வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, கை எரிச்சலால் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் உதட்டில் சிரிப்பு இருந்தது.

"ஆமா ஆத்தா. எனக்கு எங்க தெரியுது? நீ போயிப் படிச்சுட்டு வந்து சொல்லு, கேட்டுக்கிறேன்."

பாவம், ஒன்றும் தெரியாத அம்மாவுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு உருண்டை உருட்டி அவள் வாயில் வைத்துவிட்டு, வார்னிஷ் எப்படிப் பூச வேண்டும் என்று முதலிலிருந்து அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.